மரி கோண்டோ பிஸ்கட் டின்னைத் திறந்தால்

காகிதங்களைப் பற்றி மரி கோண்டோ சொல்லும் விதி ரொம்பச் சின்னது. எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்பதுதான் அது. இப்போது பயன்பாட்டில் உள்ளவை, கொஞ்ச காலத்துக்கு மட்டும் தேவைப்படுபவை, கடைசிவரை வைத்தே ஆக வேண்டியவை என்று மூன்று விலக்குகளைத் தருகிறார். ஆனால் அவர் குரலின் அழுத்தமெல்லாம் விதியின் மேல்தான். உடைகள், புத்தகங்கள், காகிதங்கள், சில்லறைச் சாமான்கள், கடைசியாக நினைவுப் பொருள்கள் என்ற அவருடைய வரிசையில் காகிதங்கள் நின்று பேச வேண்டிய இடமாக அவருக்குத் தோன்றவில்லை. பேராக்கில், தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவருக்கு நகர முடியாமல் போகிற இடமே அதுதான்.

புத்தகம் 2010இல் ஜப்பானிய மொழியில் வந்தது, 2014இல் ஆங்கிலத்துக்குப் போனது. 2019 ஜனவரியில் நெட்ஃபிலிக்ஸ் தொடராக வந்தபோது ஈப்போவில் என் வயதுக்காரர்கள் பலர் டி-ஷர்ட்டை மடித்து நிற்க வைக்கப் பழகினார்கள். இதைக் கிண்டல் செய்ய நான் தயாரில்லை. பத்தோடு பதினொன்றாக வரும் சுயமுன்னேற்றப் புத்தகம் இல்லை இது. ஒரு வீட்டுக்குள் போனதும் மண்டியிட்டு அந்த வீட்டுக்கு வணக்கம் சொல்வது, எறியப்போகும் சட்டையைக் கையில் எடுத்து நன்றி சொல்லி அனுப்புவது என்று அவர் செய்வதெல்லாம் ஷிண்டோ மரபிலிருந்து வருகிறது. பொருளுக்கு உயிர் உண்டு, அதற்கு மரியாதை தர வேண்டும் என்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. தோட்டத்தில் ஆயுத பூஜை அன்று பால்வாளியைத் தேய்த்துக் கழுவி, உளிக்குப் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தவர்கள் நம் பாட்டிகள். கோண்டோ நன்றி சொல்லி வழியனுப்புகிறார். பாட்டி நன்றி சொல்லிவிட்டு மறுநாள் விடியற்காலை அதே உளியைத் தூக்கிக்கொண்டு தீம்பாருக்குப் போனார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எறிவதற்கும் நம்மிடம் ஒரு நாள் இருக்கிறது. பொங்கலுக்கு முதல் நாள் போகி. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், பீத்தல் துணி எல்லாம் வெளியே வரும், எரியும். ஆனால் போகித் தீயில் என் பாட்டி ஒரு காகிதத்தைக்கூடப் போட்டதில்லை என்று அம்மா சொல்வார். துணிக்கு மனசு வந்தது, காகிதத்துக்கு வரவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கோண்டோவின் முறைக்கு அடியில் சில நம்பிக்கைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. வீடு உன்னுடையது. நாளைக்கும் நீ அதில் இருப்பாய். எறிந்த காகிதம் தேவைப்பட்டால் அலுவலகத்தில் கேட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். நீ யார் என்பதை நாடு எங்கேயோ ஒரு ஏட்டில் சரியாக எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவும் உறுதியாக இருக்கிறவர்தான் ஒரு பொருளைக் கையில் எடுத்து, மனசு துள்ளுகிறதா என்று மட்டும் கேட்டுப் பார்க்க முடியும். சந்தோஷத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ள முதலில் பயம் தீர்ந்திருக்க வேண்டும்.

தோட்டத்து லயத்தில் வீடு யாருடையது? கம்பெனியுடையது. வேலை இருக்கிறவரை வீடு. வயதாகி வேலை முடிந்தாலும், தோட்டம் கைமாறினாலும், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டாலும், பிறகு செம்பனையையும் சாய்த்துத் தாமான் கட்டினாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த அறைக்கு ஒரு துண்டுக் காகிதத்தின் உரிமைகூடக் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் எதை வைத்துக்கொள்வது என்ற முடிவை லோரிதான் எடுத்தது. கட்டிலின் ஒரு கால் ஆடினால் அது போகாது. அம்மிக்கல்லுக்கு இடம் இருந்தால் போகும். கோழிக்கூடு பக்கத்து வீட்டுக்கு. ஆனால் லோரியில் ஏற்றாமல், இருக்கைக்குப் பக்கத்தில், மடியில் வைத்துக்கொண்டு போன ஒரு பொருள் இருந்தது. பிஸ்கட் டின்.

பேராக்கில் தோட்டத்திலிருந்து வந்த வீடுகளில் இந்த டின்னை அநேகமாக எங்கேயும் பார்க்கலாம். பிஸ்கட் டின்னாக இருக்கலாம், மைலோ டின்னாக இருக்கலாம், மூடி துருப்பிடித்திருக்கும். சாமி மேடைக்குக் கீழேயோ அலமாரியில் சேலைகளுக்கு அடியிலோ இருக்கும். எங்கள் வீட்டு டின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. உள்ளே என் பாட்டியின் சிவப்பு ஐசி. தாத்தாவின் மரணப் பத்திரம். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்னால் ஒட்டுத்தாள் போட்ட அப்பாவின் பிறப்புப் பத்திரம். இவர் இத்தனை வருஷம் இந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்று கிராணி டைப் அடித்து மானேஜர் கையெழுத்துப் போட்ட கடிதம். தோட்டத்து ஆஸ்பத்திரியின் தடுப்பூசி அட்டை. சம்பளச் சீட்டுகள். ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். இரண்டு ஜப்பான்கார நோட்டுகள். எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத ஒரு சாவி.

இந்த டின்னை வெறும் சென்டிமென்ட் என்று ஒதுக்குகிறவர்கள் பேராக்கின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் மலாயா முழுக்க அவசரகாலம் அமலுக்கு வந்தது. 1960வரை நீடித்தது. அந்த 1948இலேயே, அவசரகால விதிகளின் கீழ், 12 வயது நிரம்பியவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. இன்று நம் பர்ஸில் இருக்கும் ஐசியின் மூதாதை அதுதான். மக்களை எண்ணி, பிரித்து, காட்டில் இருப்பவனையும் லயத்தில் இருப்பவனையும் வேறுபடுத்திப் பார்க்கப் பிறந்த காகிதம். சோதனையில் அதைக் காட்ட முடியாதவன் நிலைமை என்ன என்பதை அந்தத் தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காகிதம் இருந்தால் ஆள், இல்லாவிட்டால் சந்தேகம். அந்தப் பாடத்தின் முதல் எழுத்து எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எழுதப்பட்டது.

பாடம் அதோடு முடியவில்லை. 1957இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு எங்கே பிறந்தாய், எத்தனை வருஷம் இருந்தாய் என்று காட்ட வேண்டியிருந்தது. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் அமலானபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளிகள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கேயே பிறந்தும் அதைக் காட்டக் காகிதம் இல்லாதவர்கள் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2011இல் நடந்த மைடாஃப்தார் பதிவு இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். சுதந்திரம் அடைந்து 54 வருஷம் கழித்து, இந்தியர்களில் பிறப்புப் பத்திரமும் ஐசியும் இல்லாதவர்களைத் தேடிப் பதிவு செய்ய அரசாங்கமே ஒரு தனி இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. அங்கே போய் வரிசையில் நின்றவருக்கு, அம்மா எறியாமல் வைத்திருந்த ஒரு தடுப்பூசி அட்டையோ பழைய பள்ளிக்கூடச் சான்றோ எவ்வளவு பெரிய பொருள்! அதைக் கையில் எடுத்தால் யாருக்கும் மனசு துள்ளாது. வயிற்றைத்தான் பிசையும்.

ஆகவே கோண்டோவின் காகித விதி இங்கே செல்லாது என்பது என் முதல் முடிவு. அவருடைய மூன்றாவது விலக்கில் இவை அடங்கிவிடுமே என்று ஒருவர் கேட்கலாம். அடங்காது. எது கடைசிவரை தேவைப்படும் என்பதைத் தீர்மானிப்பவர் வீட்டுக்காரர் என்று அவர் நினைக்கிறார். இங்கே அதைத் தீர்மானித்தது எப்போதும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். அவர் நாளைக்கு எதைக் கேட்பார் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆனால் இத்தோடு கட்டுரையை முடித்தால் நானும் ஒரு வசதியான பொய்யைச் சொன்னவனாவேன். டின்னுக்குச் சொன்ன நியாயத்தைக் காட்டி முழு வீட்டையும் நியாயப்படுத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தாமான் வீட்டின் பின்னறையைப் போய்ப் பாருங்கள். உடைந்த மேசை விசிறி மூன்று. மூடியில்லாத டப்பர்வேர், டப்பர்வேர் இல்லாத மூடி. கல்யாணத்தில் கொடுத்த பிளாஸ்டிக் கூடைகள். ஐஸ்கிரீம் டப்பாவில் அரைத்த மசாலா. யாருக்கோ என்றைக்கோ ஆகும் என்று வைத்த பள்ளிக்கூடச் சட்டை. லயத்தில் இரண்டு அறையில் அளவாக வாழ்ந்த குடும்பம், தாமானுக்கு வந்ததும், இனி யாரும் வெளியேறச் சொல்ல மாட்டார்கள் என்ற நிம்மதியில் சாமான் சேர்க்க ஆரம்பித்தது. இழந்தவர்கள் சேர்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தைத் தூசி தட்டுவது யார்? இருபத்திரண்டு அடி அகல வீட்டில் அத்தனையையும் நகர்த்திக் கூட்டிப் பெருக்கி மறுபடி அடுக்குவது அம்மாவும் அக்காவும் அண்ணியும்தான். பொருளுக்குக் கண்ணீர் விடும் நம் எழுத்தில் இந்த வேலை ஒரு வரிகூட வருவதில்லை.

பின்னறையைக் காலி செய்ய அக்கா உட்கார்ந்தால் நடக்கும் பேச்சு இதுதான்:

"அம்மா, இது என்னா ரசீது? எழுவத்தி மூணாம் வருசத்துது. இன்னும் எதுக்குமா?"

"இருக்கட்டும். அது பாட்டுக்கு இருக்கு. உன்கிட்ட சோறா கேக்குது?"

"இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

"அது... உங்க அப்பாவோட சித்தப்பா வழில யாரோ. பாட்டி இருந்தா சொல்லும்."

பாட்டி இருந்தா சொல்லும். இந்த ஒரு வாக்கியத்தில் என் விமர்சனத்தின் இன்னொரு பாதி இருக்கிறது.

ஸ்வீடன்காரரான மார்கரெட்டா மாக்னுசன் 2017இல் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று உண்டு. சாவதற்கு முன்னால் நீயே உன் சாமான்களை ஒழித்து வை, பிள்ளைகள் தலையில் கட்டாதே என்பது அதன் சாரம். நல்ல யோசனை, கேட்கக் கொஞ்சம் கடுமை. நம் வீடுகளில் சாவைப் பற்றி அப்படிப் பேச முடியாது. பேசினால் விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு என்று வாயை அடைப்பார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தில் கோண்டோவிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. பொருளை ஒழிப்பது தனிமையில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் தியானம் கிடையாது, அடுத்த தலைமுறையோடு உட்கார்ந்து பேசிச் செய்யும் காரியம். இது யாருடையது, எப்படி வந்தது, யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் வேலை. சொல்லிவிட்டால் பாதிப் பொருளை நிம்மதியாக எறியலாம்.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். வீடும் சாமானும் காகிதமும் மலேசியத் தமிழர் வாழ்வில் என்ன செய்கின்றன என்பதை நன்றாகப் பிடித்தவை என்று எனக்குத் தோன்றும் இரண்டு நாவல்களுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ப்ரீதா சமரசனின் 'ஈவ்னிங் இஸ் த ஹோல் டே' 2008இல் வந்தது. குறுந்தொகைப் பாடல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த தலைப்பு. களம் ஈப்போ. கிங்ஃபிஷர் லேனில் ஒரு பெரிய வீடு. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடமிருந்து தாத்தா வாங்கியது. வசதியான வக்கீல் குடும்பம், வீடு நிறையச் சாமான், அதைவிட அதிகமாக ரகசியம். நாவல் 1980இல், வேலைக்காரப் பெண் செல்லம் அந்த வீட்டைவிட்டு அனுப்பப்படுவதில் தொடங்கிப் பின்னோக்கி நகர்கிறது. பாட்டியின் சாவுக்கான பழி அவள்மேல் விழுகிறது. நான் அந்த நாவலை இப்படித்தான் படிக்கிறேன்: எதையும் எறியத் தெரியாத வீடு கடைசியில் ஒரு ஆளை எறிகிறது. சமரசனின் உரைநடையும் அந்த வீடு மாதிரியேதான். வாக்கியத்துக்குள் வாக்கியம், பொருளுக்கு மேல் பொருள். சில இடங்களில் மூச்சு முட்டுகிறது, கொஞ்சம் ஒழித்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்த நெரிசலுக்கு நடுவில் செல்லத்துக்கு என்று எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது.

கே. எஸ். மணியத்தின் 'த ரிட்டர்ன்' 1981இல் வந்தது. கெடாவைச் சேர்ந்த கதை. ஆனால் பேராக்கில் யார் வேண்டுமானாலும் இது எங்கள் கதை என்று சொல்லிவிடலாம். இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்த பெரியதாய் என்ற பாட்டி, ஊரூராக நடந்து பிழைத்து, ஒரு வீட்டை எழுப்பிக்கொள்கிறார். வீட்டில் சாமி இருக்கிறது, ஊரிலிருந்து வந்த வாசனை இருக்கிறது. நிலத்துக்குக் கிராண்ட் மட்டும் இல்லை. அந்த ஒரு காகிதம் இல்லாததால் மற்ற அத்தனை பொருளும் அந்தரத்தில் தொங்குகின்றன. அவருடைய ஆசை மகனுக்கும் போய் அவரையும் அலைக்கழிக்கிறது. நான் மேலே பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம், டின் என்ற சொல்லே இல்லாமல், மணியம் சொல்லி முடித்துவிட்டார்.

தமிழில் எழுதப்பட்ட தோட்டத்துக் கதைகளில் பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை. இன்னும் சொன்னால் அதுதான் பிரச்சினை. விடியற்காலையில் பிரட்டு மணி அடிக்கும். மண்ணெண்ணெய் விளக்கு எரியும். மங்கு வரும், காண்டாக் கம்பு வரும், பால்வாளி வரும், ஒட்டுப்பால் நாற்றம் வரும். ஆயாக் கொட்டகையில் ஏணை ஆடும். இரண்டு பக்கத்துக்குள் ஒரு முழு அருங்காட்சியகம் தயார். சராசரிக் கதைகளில் இந்தப் பொருள்கள் எதையும் செய்வதில்லை, இருக்கின்றன, அவ்வளவுதான். ஈப்போ பழைய நகரத்து காபிக் கடைகளில் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும் எனாமல் குவளைக்கும் டிஃபன் கேரியருக்கும் இவற்றுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுற்றுலாக்காரருக்கு அது அழகு, நமக்கு இது ஏக்கம். இரண்டிலும் பொருள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. கோண்டோ சந்தோஷம் தராததை எறியச் சொன்னார். நம் கதையாசிரியர்கள் கண்ணீர் தருவது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள். இருவருமே பொருளிடம் கேட்பது தங்கள் உணர்ச்சியைத்தான். அது யாருடைய கையில் என்ன செய்தது என்று கேட்பதில்லை.

ஒரு உளியை எடுத்துக்கொள்வோம். பால் வெட்டுகிறவர் அதைத் தினமும் கல்லில் தீட்டுவார். மழுங்கிய உளி பட்டையை ஆழமாகக் கிழித்துவிடும், மரம் காயப்படும், கங்காணியிடம் ஏச்சு விழும். தீட்டத் தீட்டப் பல்லின் நீளம் குறைந்துகொண்டே வரும். ஆகவே ஒரு பழைய உளியின் தேய்மானம் என்பது ஒரு ஆளின் உழைப்புக் கணக்கு. கம்பெனியின் செக்ரோலில் இருக்கும் கணக்கு நம் கைக்கு வரப்போவதில்லை. இந்தக் கணக்கு வந்திருக்கிறது. 'உளியைப் பார்த்ததும் கண் கலங்கியது' என்று எழுதுகிறவர் தன்னைப் பற்றி எழுதுகிறார். உளியின் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எழுதுகிறவர் பாட்டியைப் பற்றி எழுதுகிறார். கதையிலிருந்து ஒரு பொருளை உருவினால் கதை சரிய வேண்டும். சரியாவிட்டால் அது அங்கே குப்பைதான், எவ்வளவு பழையதாக இருந்தாலும்.

வீட்டுக்கும் இதே அளவுகோலைத்தான் நான் முன்வைக்கிறேன். டின்னில் இருந்த இரண்டு ஜப்பான்கார நோட்டுகளைப் பாருங்கள். வாழைமரம் போட்ட பத்து டாலர். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் தாள். இன்று பழம்பொருள் சந்தைக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் காசு கிடைக்கும். சட்டத்துக்கு அது சான்றும் இல்லை, கையில் எடுத்தால் மகிழ்ச்சியும் இல்லை. ஆனால் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்துப் போன காலத்தின் சம்பளம் அந்தத் தாள். யார் சம்பாதித்தது, எதற்காக எறியாமல் வைத்திருந்தார் என்று தெரிந்தால் அது வீட்டின் ஆவணம். தெரியாவிட்டால் சந்தையில் கூடையில் கிடக்கும் நூறு நோட்டுகளில் ஒன்று. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதாமாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்தவர்களின் ரசீதுகளும் இப்படித்தான். துண்டாடப்படும் தோட்டத்தைத் தாங்களே வாங்கிவிடலாம் என்று கூலிக்காரர்கள் நம்பியதற்கு அந்த ரசீதுதான் சாட்சி. ஆனால் அதைப் பற்றித் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் பழைய பேப்பர் லோரி அதைக் கிலோக் கணக்கில் எடுத்துப் போய்விடும். லோரியைக் குறை சொல்லி என்ன பயன்?

எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு நம் அம்மாமார்களிடம் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது, நாம்தான் கவனிக்கவில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது. யார் கொடுத்தது, யாருக்கு, எந்த வருஷம் என்று புள்ளி புள்ளியாக ஊசியால் வெட்டியிருப்பார்கள். கல்யாண வீட்டில் நூறு குண்டான் கலந்தாலும் அது சரியான வீட்டுக்குத் திரும்பி வரும். எழுத்தறிவில்லாதவர்கூடத் தன் பாத்திரத்தின் எழுத்தைத் தடவிக் கண்டுபிடிப்பார். பெயர் இருக்கிறவரை அது பொருள். பெயர் தேய்ந்துவிட்டால் வெறும் பாத்திரம், ஈயம்பித்தளைக்காரனுக்குப் போடலாம், தப்பில்லை.

பாத்திரத்துக்குச் செய்ததைப் படத்துக்கு யாரும் செய்யவில்லை. அதனால்தான் டின்னில் பெயரில்லாத முகங்கள். தோட்டத்தில் பிறந்து, லயத்தை நேரில் கண்ட மூத்த தலைமுறை இப்போது எழுபதிலும் எண்பதிலும் இருக்கிறது. இன்னும் பத்து வருஷத்தில் 'பாட்டி இருந்தா சொல்லும்' என்ற வாக்கியம் எல்லா வீட்டிலும் கேட்கும். அதற்குள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் காகிதத்துக்கும் பின்னால் பெயரும் தோட்டமும் வருஷமும் எழுதினால் போதும். பெரிய ஆவணக் காப்பகம் எதுவும் வேண்டாம். பேர் சொல்ல முடியாததை அவர்களே 'இத போட்டுருப்பா' என்று சொல்லிவிடுவார்கள். மனசுக்கு வலிக்காத ஒழித்தல் அப்படித்தான் நடக்கும். கதை எழுதுகிறவர்களுக்கும் அந்த மத்தியானம் தேவை. அடுத்த கதையில் மங்கு வரும்போது அது யார் கையிலிருந்த மங்கு என்றாவது தெரிந்திருக்கும்.